ஓர் ஆள் தூக்கும் அளவு

ஆதம்பாக்கத்தில் நம் நான்கு குறுக்குத் தெருக்களிலும் குடியிருக்கும் எல்லோருக்கும்,

ஐப்பசி பிறந்துவிட்டது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு இதை எழுதினால் படிக்க யாருக்கும் பொழுதிருக்காது. கரண்ட் இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது, மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காலியாகக் கிடக்கும். அதனால் வானம் வெளுத்திருக்கும்போதே எழுதி, அச்செடுத்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் செருகிவிட்டுப் போகிறேன். விழுந்த மரத்தின் கிளையையும் தழையையும் மாநகராட்சி வண்டி எடுத்துப்போகும் விதமாக வாசலில் எப்படி வைப்பது என்பதுதான் விஷயம். நான் இதைக் கற்றுக்கொண்டது இன்னொருவருடைய கையில் பட்ட காயத்தால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். காலையிலிருந்து வடக்கேயிருந்து அடித்த காற்று பிற்பகலில் சட்டென்று ஓய்ந்தது. புயலின் கண் நகரத்தின் மேலேயே கடந்துகொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து நம்மில் பலர் வெளியே வந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரங்களை எதிர்ப்பக்கக் காற்று முறுக்கித் தள்ளியது. இரண்டாம் தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் அப்போதுதான் விழுந்தது. மூன்றாம் தெருவில் குல்மொஹர்கள் வரிசையாகப் போயின. அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் பூசி, கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டித் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டிருந்தோம். பிடிமானம் இல்லாத மரம் எத்தனை நேரம் நிற்கும்? வேம்பும் புங்கமும் கிளைகளைக் கொடுத்துவிட்டு நின்றன.

மறுநாள் காலை எங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தழை. மாடி ஜன்னல் கண்ணாடி உடைந்து படிக்கட்டெல்லாம் சிதறியிருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் அவசரத்தில் கண்ணாடியையும் தழையையும் சேர்த்தே கூட்டித் தெருக் குவியலில் தள்ளினேன். எல்லாம் புயல் குப்பைதானே என்ற நினைப்பு. மூன்றாம் நாள் வண்டி வந்தது. வண்டியோடு வந்த ஒரு பெண் தழையை மார்போடு அணைத்து அள்ளினார். அடுத்த நொடி கையை உதறினார். உள்ளங்கை குறுக்கே கிழிந்திருந்தது. "இன்னாமா, எலைக்குள்ள கண்ணாடியப் போட்டு வெச்சிருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. கழுவி, துணி சுற்றி, ஆட்டோவில் டி.டி. ஊசி போட அனுப்பினோம். நாளைக்கு வராதீர்கள் என்றேன். "வரலன்னா யாருமா கூலி குடுப்பா" என்றார். மறுநாள் கட்டோடு வந்து ஒற்றைக் கையால் அள்ளினார்.

நாம் வாசலில் குவிப்பதை யாரோ கையால்தான் எடுக்கிறார்கள். ஜேசிபியும் பாப்காட்டும் பெரிய ரோட்டுக்கு வரும். நம் குறுக்குத் தெருக்களில், இரண்டு பக்கமும் கார் நிற்கும் இடத்தில், முக்கால் பங்கு வேலை மனிதக் கையால்தான் நடக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்துவந்தார்கள். அவர்களுக்கு நம் தெருவில் வடிகால் எங்கே, மின்சாரப் பில்லர் பாக்ஸ் எங்கே, எந்த மூடி உடைந்திருக்கிறது என்று எதுவும் தெரியாது. நாம் வைத்திருக்கும் குவியலை நம்பித்தான் கை வைக்கிறார்கள்.

இனி முறை.

கிளையைத் தொடுவதற்கு முன் வயரைப் பாருங்கள். விழுந்த மரத்தோடு நாலு வயராவது இறங்கியிருக்கும். எது கேபிள் டி.வி., எது இன்டர்நெட், எது ஈ.பி. என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. தெரு முழுக்க கரண்ட் இல்லை என்பதும் பாதுகாப்பு இல்லை. யாராவது ஜெனரேட்டரைத் தவறாக இணைத்து ஓட்டினால், செத்துக் கிடக்கும் வயரில் உயிர் வந்துவிடும். வயர் சிக்கிய கிளையை அப்படியே விட்டுவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மரம் விழுந்ததை மாநகராட்சிக்குச் சொல்ல 1913. இணைப்பு கிடைக்காமல் போனால் விடாதீர்கள். தெருவில் ஒருவர் மட்டும் தொடர்ந்து முயன்று, புகார் எண்ணை மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். நாற்பது வீட்டிலிருந்து ஒரே மரத்துக்கு நாற்பது புகார் போனால் எந்த மரம் எங்கே என்று அவர்களுக்கே குழம்பிவிடும்.

அடிமரத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வேரோடு சாய்ந்த மரத்துக்குப் பின்னால் மண்ணோடு வேர்வட்டம் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதை நிமிர்த்திப் பிடித்திருப்பது மரத்தின் பாரம்தான். மரத்தை நடுவில் அறுத்ததும் பாரம் போய், வேர்வட்டம் திரும்பப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். வர்தாவுக்கு மறுநாள் நம் தெருவிலேயே மூன்று பிள்ளைகளை அப்படி ஒரு குழியிலிருந்து தூக்கி வெளியே விட்டேன். இன்னொன்று, விழுந்த மரத்துக்கு அடியில் வில்லாக வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை. அதை வெட்டினால் விடுபட்டு முகத்தில் அடிக்கும். மேலே முறிந்து, மற்றக் கிளைகளில் மாட்டித் தொங்குவதும் அப்படித்தான். அடுத்த காற்றில் இறங்கும். தொடைக் கனத்துக்கு மேல் உள்ள எதையும், இழுவிசையில் நிற்கும் எதையும், மெஷின் ரம்பத்தோடு வருகிறவர்களுக்கு விட்டுவிடுவோம்.

நமக்கு உரியது தரையில் தளர்ந்து கிடக்கும் கிளை. அதுவே போதுமான அளவு இருக்கும்.

அதை முழுசாக இழுத்து வந்து வாசலில் போட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். பக்கக்கிளை விரிந்த ஒரு கொம்பை லாரியில் போட்டுப் பாருங்கள். அது குடை மாதிரி விரிந்து நிற்கும், அதன்மேல் இன்னொரு குடை. நாலு கொம்பிலேயே லாரி நிறைந்துவிடும். ஏற்றிக்கொண்டு போவதில் பெரும்பகுதி காற்று. அதே கொம்பின் பக்கக்கிளைகளைக் கவட்டையில் கழித்துவிட்டுக் கொம்பைத் தனியாகவும், கிளைகளைத் தனியாகவும் படுக்கவைத்தால் கால்வாசி இடம் போதும். ஒரு லாரி எத்தனை நடை வரவேண்டியிருக்கிறது என்பதில்தான் நம் தெரு மூன்றாம் நாள் காலியாகுமா, பத்தாம் நாள் காலியாகுமா என்பது இருக்கிறது. வெட்டுக்கத்தியும் ஒரு கை ரம்பமும் இருந்தால் இரண்டு பேர் ஒரு காலைப் பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை.

நீளத்துக்கு அளவுநாடா வேண்டாம். கொம்பைத் தரையில் நிறுத்தினால் உங்கள் நெஞ்சு உயரம் வர வேண்டும், ஏறக்குறைய நாலடி. ஒருவர் குனிந்து எடுத்து, நிமிர்ந்து, லாரிக்குள் எறிகிற நீளம் அது. கனம் கூடக்கூட நீளத்தைக் குறைக்க வேண்டும். பச்சை மரத்தில் நீர் நிறைய இருக்கிறது. ஓரடி விட்டமுள்ள மரத்தை நாலடி நீளத்துக்கு அறுத்தால் 70, 80 கிலோ வரும். மெஷின்காரர் வந்து அறுக்கும்போது பக்கத்தில் நின்று "ஒன்றரை அடி, ஒன்றரை அடி" என்று சொல்லுங்கள். அவருக்கு அடுத்த தெருவுக்குப் போகும் அவசரம். நாலடிக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த உருட்டுக்கட்டைகள் நகர்த்த ஆளில்லாமல் தெருவோரத்தில் அடுத்த ஆடி வரை கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

சுள்ளிகளைக் கட்டாகக் கட்டுங்கள். வெட்டிய அடிப்பக்கமெல்லாம் ஒரே பக்கமாக, ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். எடுக்கிறவர் கைக்கு முதலில் வருவது பிடிக்கத் தோதான அடித்தண்டாக இருக்க வேண்டும், கண்ணில் குத்தும் நுனியாக இருக்கக் கூடாது. கட்டின் கனம் நாம் கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டையைத் தாண்டக் கூடாது. கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறு, சணல், வாழைநார் எதுவும் சரி. கம்பியும் நைலான் கயிறும் வேண்டாம். மரக்கழிவை நறுக்கும் இயந்திரத்தில் அவை போய்ச் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே கைவிட்டு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் ஒரு கை.

காகிதப்பூக் கொடியும் கொடுக்காப்புளிக் கிளையும் தனிக்கட்டு. கையுறை கிழிந்து முள் ஏறும். அந்தக் கட்டின் மேல் ஒரு பழைய சிவப்புத் துணியைச் சுற்றிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கும் புரியும். முருங்கை விழுந்திருந்தால் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுக்குங்கள்.

தழையைச் சாக்கில் போடலாம். பாதிச் சாக்குதான், வாயைக் கட்டாமல். நனைந்த இலையின் கனம் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் இரண்டு நாளில் உள்ளே புழுங்கி நாற்றமெடுக்கும். திறந்து பார்க்காமல் அது வெறும் குப்பையாகவே போகும்.

இனி எங்கே வைப்பது. இங்கேதான் நாம் எல்லோரும் தவறுகிறோம். நல்ல மனதோடு தவறுகிறோம். வாசலை அடைக்காமல் ஓரமாக ஒதுக்குகிறோம் என்று நினைத்து, நேராக மழைநீர் வடிகாலின் வாயில் கொண்டுபோய்க் குவிக்கிறோம். மிக்ஜாமில் நம் பகுதியைப் படுத்தியது காற்று இல்லை, தண்ணீர். வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றது. அவ்வளவு மழைக்கு வடிகால் மட்டும் ஈடுகொடுக்காது என்பது தெரியும். ஆனாலும் இருக்கிற வழியை நாமே இலை போட்டு மூடக் கூடாது. புயலுக்குப் பின்னால் இன்னொரு மழை வரும். கார்த்திகை முடிகிற வரை வந்துகொண்டேதான் இருக்கும். நம் நான்கு தெருக்களில் பதினொரு இடத்தில் வடிகால் வாய் இருக்கிறது. போன ஞாயிறு நடந்து எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். தண்ணீர் தேங்கி வாய் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் வட்டம் தெரியும். வட்டத்துக்கு இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி எதுவும் வைக்காதீர்கள்.

பில்லர் பாக்ஸ்மேல் சாய்த்து வைக்காதீர்கள். தாழ்ந்து தொங்கும் வயருக்கு அடியிலும் வேண்டாம். ஜேசிபி கை உயரும்போது வயரில் படும். நிற்கிற மரத்தின் அடியில் குவித்தால், வாளி அள்ளும்போது பட்டையைச் சேர்த்து உரித்துவிடும். புயலுக்குத் தப்பிய மரத்தை நாமே அப்படிச் சாகக் கொடுத்திருக்கிறோம். நாலாம் தெருப் புங்கமரத்தின் அடியில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் வண்டி வருகிற நாளில் மட்டும் காரை எடுத்து மைதானத்தில் விட்டால் பெரிய உதவி. இரண்டு காருக்கு நடுவே இருக்கும் குவியலை யாரும் எடுக்க முடியாது. விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள்மேல் குறை சொல்லவும் முடியாது.

குவியலில் மரம் மட்டும்தான் இருக்க வேண்டும். உடைந்த கண்ணாடி, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, பூந்தொட்டி ஓடு, டியூப் லைட், ஆணியோடு இருக்கும் பேனர் சட்டம், தெர்மாகோல் எல்லாம் வேறு வேறு இடம். கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே பெரிதாகக் "கண்ணாடி" என்று எழுதி, வண்டிக்காரர் கையில் நேராகக் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இது சட்டமும்கூட. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக்கழிவைத் தனியாக வைத்துக் கொடுக்க வேண்டும் என்றன. தெருவில் எரிக்கக் கூடாது என்றன. சட்டத்தைவிடப் பெருங்குடிக் குப்பைக் கிடங்குதான் எனக்குப் பெரிய காரணம். நம் வீட்டு மாடியில் நின்றால் தென்கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் அந்தக் கிடங்கு இருக்கும் திசை தெரியும். 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. நம் பிள்ளைகள் இருமியது நினைவிருக்கிறதா? சுத்தமான மரக்கழிவை நறுக்கி உரமாக்கலாம், எரிபொருளாக்கலாம். அதில் நாலு பிளாஸ்டிக் பையும் ஒரு தெர்மாகோல் பெட்டியும் விழுந்தால் மொத்த லாரியும் கிடங்குக்குத்தான் போகும். அங்கே போன இலை மக்கி, வாயு விட்டு, என்றோ ஒரு கோடையில் நெருப்புக்கு இரையாகும். வாசலிலேயே கொளுத்திவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஈரத் தழையின் புகை ஆஸ்துமா உள்ளவர்களை என்ன செய்யும் என்று எங்கள் எதிர்வீட்டு மாமியைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் வண்டிக்குக் கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. முருங்கை முறிந்தால் கைக் கனமுள்ள போத்துகளை மூன்று நாலடிக்கு வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு, ஈர மண்ணில் ஒரு முழம் ஆழத்தில் நட்டால் தழைத்துவிடும். வர்தாவில் விழுந்த ஒரே முருங்கையின் போத்துதான் இன்று நம் ஏழு வீடுகளில் நிற்கிறது. தென்னை மட்டையில் ஈர்க்கைச் சீவி விளக்குமாறு கட்டலாம். ரயில்வே லைன் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேம்பு, ஆல், அரசு, முருங்கைத் தழை என்றால் அன்றைக்கே வந்து எடுத்துப்போவார்கள். அரளித் தழை மட்டும் அதில் கலந்துவிடாமல் பாருங்கள்; அது ஆட்டைக் கொன்றுவிடும். மீதி இலையைத் தோட்டம் உள்ளவர்கள் மாமரத்தடியில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிடலாம், அடிமரத்தைத் தொடாமல். எங்கள் வீட்டில் அப்படிப் பரப்பிய தழை பங்குனிக்குள் கறுத்து மண்ணாகிவிட்டது.

சாய்ந்த மரமெல்லாம் செத்த மரமும் இல்லை. மூன்று வருஷக் கன்றாக இருந்து, வேர் ஒரு பக்கம் மண்ணிலேயே இருந்தால், தலைப்பாரத்தைக் கழித்து, வேரைச் சாக்குப் போட்டு நனைத்து வைத்து, நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தி, மண் அணைத்து முட்டுக்கொடுத்தால் பிழைக்கும். ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டும், வேர் காய்வதற்குள். என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். அதே சமயம், புயலைச் சாக்காக வைத்து நன்றாக நிற்கும் மரத்தை வெட்டிக் குவியலோடு குவியலாகப் போட்டுவிடுவதும் நடக்கிறது. வாசலில் இலை விழுகிறது, கடைப் பலகை மறைகிறது என்பதற்காக. தெருமரம் பொதுச்சொத்து. வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். குவியலில் பச்சை வெட்டு எது, காற்று முறித்தது எது என்று பார்த்தாலே தெரியும். காற்று முறித்த கொம்பு நார்நாராகக் கிழிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. குவியல் நாலு நாளுக்கு மேல் கிடந்தால் அதில் தேள் வரும், பாம்பும் வரலாம். பல்லாவரம் பக்கமிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் வந்த பாம்புகளை நாம் பார்த்திருக்கிறோம். வண்டி வருகிற அன்று காலை ஒரு நீளக் கொம்பால் குவியலை நாலு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். எடுக்க வருபவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர், கை கழுவ சோப்பு, ஒரு பாட்டில் டெட்டால், பஞ்சு. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுத் திண்ணையில் இவை இருக்கட்டும். மூன்றாம் தெருவுக்கு எங்கள் திண்ணை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் முனையில் கூடுகிறோம். போன வாரக் காற்றில் முறிந்த இயல்வாகைக் கிளை ஒன்று அங்கே கிடக்கிறது. வயர் எதுவும் அதில் இல்லை. அதை வைத்துக் கழிப்பது, அளப்பது, கட்டுவது எல்லாம் செய்து பார்த்துவிடலாம். ரம்பம் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், சாணை பிடித்து. அலக்கு இரண்டாம் தெருவில் மட்டும்தான் இருக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். நார்க்கயிறு ஒரு சுருள் நான் வாங்கிவிட்டேன். செருப்புப் போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். நம் தெருக்களைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், வேலைக்கு இல்லை. கட்டைத் தூக்கிப் பார்த்து, இந்தக் கனம் சரியா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் தெரு, வேப்பமரத்து வீட்டுக்காரி